பனியில் பிறந்து பாலையில் குடியேறிய கதவு

வீட்டின் உறுப்புகளுள் சரித்திர ஆசிரியர்களின் கவனத்தை மிகக் குறைவாகப் பெற்றது யாதென்று கேட்டால், மோட்டார் வண்டி நிற்கும் கொட்டகையின் கதவே என்று தயக்கமின்றிச் சொல்லிவிடலாம். கோபுர வாசலின் கதவுக்கும் கோட்டை வாசலின் கதவுக்கும் புராணமும் கல்வெட்டும் உண்டு. அமெரிக்க ஐக்கிய நாட்டு வீடுகளின் முகப்பில், தெருவை நோக்கியபடி, பதினாறு அடி அகலமும் ஏழு அடி உயரமுமாக நிற்கின்ற கராஜ் கதவுக்கு அத்தகைய பாக்கியம் வாய்க்கவில்லை. ஆயினும் அந்நாட்டு வீடுகளில் அசைகின்ற பொருள்களில் இதைவிடப் பெரியதும் கனமானதும் வேறில்லை. அநேகக் குடும்பங்களில் தலைவாசலைக் காட்டிலும் இதன் வழியாகவே போக்குவரவு அதிகம். குடும்பங்களின் பழக்கம் மாறியதையும், நகரங்கள் வளர்ந்ததையும், அரசாங்கம் சட்டம் இயற்ற நேர்ந்ததையும் இந்த ஒரு கதவைக் கொண்டே கூறிவிடலாம். பனி கொட்டுகின்ற வடபிரதேசத்தின் தேவைக்காகப் பிறந்த இக்கதவு, வெயில் கொளுத்துகின்ற தென்மேற்குப் பாலைநிலத்துக்கும் தென்கடற்கரைக்கும் குடிபெயர்ந்து, தான் அறியாத உஷ்ணத்துக்கும் புழுதிக்கும் புயலுக்கும் ஈடுகொடுக்கப் பழகிய கதையே இக்கட்டுரையின் பொருள்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மோட்டார் வண்டி வாங்கிய செல்வர்கள் அதற்கென்று தனியிடம் கட்டவில்லை. குதிரைகள் நின்ற லாயத்திலேயே ஒரு மூலையில் அதை நிறுத்தினார்கள். லாயம் இல்லாத நகரவாசிகளோ, பல வண்டிகளை ஒருங்கே வைத்து மாத வாடகை வாங்கிய பொதுக் கொட்டகைகளை நாடினார்கள். அக்காலத்து வண்டிகளில் பெரும்பாலானவை மேலே துணிக்கூரை மட்டுமே உடையவை. அவற்றின் தோல் இருக்கையும் மரச் சட்டமும் வர்ணமும் மழையையும் குளிரையும் தாங்கா. 1908-இல் போர்டு கம்பெனியின் ‘மாடல் டி’ வண்டி 850 டாலர் விலையில் வெளிவந்தபோது மோட்டார் வண்டி செல்வரின் அலங்காரப் பொருள் என்னும் நிலை மாறத் தொடங்கிற்று. 1920-களின் நடுவில் அதன் விலை 300 டாலருக்கும் கீழே இறங்க, 1927-இல் அதன் உற்பத்தி நிற்பதற்குள் ஒன்றரைக் கோடி வண்டிகள் வீதிக்கு வந்துவிட்டன. வண்டி பெருகவே வண்டிக்கொட்டகையும் பெருகிற்று. தபால் மூலம் வியாபாரம் செய்த ஸியர்ஸ் கம்பெனி, வீட்டுக்கு வேண்டிய மரத்துண்டுகளை அறுத்து அனுப்பியது போலவே, கொட்டகைக்கு வேண்டியவற்றையும் அனுப்பி விற்றது. பெட்ரோல் தீப்பிடிக்கும் என்னும் அச்சத்தால் அக்கொட்டகைகள் வீட்டோடு ஒட்டாமல், மனையின் பின்கோடியில், சந்துப் பக்கம் வாசல் வைத்துக் கட்டப்பட்டன.

அந்த வாசலுக்கு அமைந்த கதவு லாயக் கதவின் வாரிசே. இரண்டு கனத்த மரக்கதவுகள், பக்கத்துக்கு ஒன்றாகக் கீலில் தொங்கி, வெளிப்புறமாகத் திறந்தன. குதிரைக்கு அது போதுமாயிருந்தது. மோட்டார் வண்டி வைத்திருந்தவனுக்கோ, குளிர்காலத்து விடியற்காலையில், கதவின் முன்னால் இரவெல்லாம் கொட்டிக் கிடந்த பனியை மண்வெட்டியால் வாரித் தள்ளினாலன்றிக் கதவைத் திறக்க இயலாது. திறந்த கதவைக் காற்று திருப்பி வீசி வண்டியின் மேல் அறையும். நாளாக ஆகக் கதவு தன் பாரத்தாலேயே கீலிலிருந்து தொய்ந்து தரையில் உராயும். பக்கவாட்டில் நகரும் கதவு வைத்துப் பார்த்தவர்கள், வாசலின் அகலத்துக்குச் சமமான சுவர் பக்கத்தில் இருந்தாலன்றி அது பயன்படாது என்று கண்டார்கள்.

மோட்டார் தொழிலின் தலைநகரமாகிய டெட்ராயிட்டில் 1921-ஆம் ஆண்டு ஸி. ஜி. ஜான்ஸன் என்பவர் இச்சங்கடத்துக்கு முடிவு கட்டினார். கதவைக் குறுக்குவாட்டில் பல பலகைத் தொகுதிகளாகப் பிரித்து, அவற்றைக் கீல்களால் ஒன்றோடொன்று பிணைத்து, இருபுறமும் சிறு உருளைகள் பொருத்தி, அவ்வுருளைகள் செங்குத்தாக ஏறிப் பின் கூரையின் கீழே படுக்கை வாட்டமாக வளைந்து செல்லும் தண்டவாளத்தில் ஓடும்படி செய்தார். கதவின் பாரத்தைச் சுமக்க ஸ்பிரிங் அமைத்தார். பக்கத்திலும் இடம் வேண்டாம், முன்னாலும் இடம் வேண்டாம். வாசலில் முழங்கால் அளவு பனி கிடந்தாலும் கதவு மேலே போய்விடும். இந்த அதிசயத்தை வாயால் சொன்னால் நம்புவார் இல்லை என்று கருதியோ என்னவோ, அவர் தம் கதவின் சிறிய மாதிரி ஒன்றைத் தம் ‘மாடல் டி’ வண்டியின் பின்புறத்தில் மாட்டிக்கொண்டு ஊர் ஊராகச் சென்று, திறந்தும் மூடியும் காட்டி, விற்பனையாளர்களைச் சேர்த்தார். இந்தியானா மாநிலத்து ஹார்ட்போர்டு ஸிட்டியில் அவருடைய ஓவர்ஹெட் டோர் கம்பெனியின் தொழிற்சாலை எழுந்தது. கனத்த கதவைத் தூக்க மாட்டாதவர்களுக்கென்று 1926-இல் அவரே மின்சாரத்தால் இயங்கும் திறப்பான் ஒன்றையும் அமைத்தார். ஆனால் அந்த யந்திரம் வீடுதோறும் புக இரண்டாம் உலக யுத்தம் முடிய வேண்டியிருந்தது.

யுத்தத்துக்குப் பின் அமெரிக்கர்கள் வெயிலைத் தேடிப் புறப்பட்டார்கள். அரிஸோனா மாநிலத்துப் பீனிக்ஸ் நகரம் இதற்குச் சரியான உதாரணம். யுத்த காலத்தில் விமானப் பயிற்சிக் களங்கள் அங்கே அமைந்தன. மோட்டரோலா போன்ற கம்பெனிகள் அவற்றைப் பின்தொடர்ந்தன. குளிர்சாதன யந்திரம் வீடுகளுக்குள் வந்தது. 1950-ஆம் வருஷத்து ஜனக்கணக்கில் 1,06,000-க்குச் சற்று மேற்பட்டிருந்த ஜனத்தொகை, 1960-இல் 4,39,000 ஆயிற்று; 2020-இல் 16 லட்சத்தைக் கடந்தது. கோடையில் நிழலிலேயே 110 டிகிரி பாரன்ஹீட் என்பது அங்கே சாதாரணம். 1990-ஆம் ஆண்டு ஜூன் 26-ஆம் தேதி 122 டிகிரி பதிவாயிற்று. 2023-ஆம் ஆண்டு கோடையில் தொடர்ந்து 31 நாட்கள் 110 டிகிரிக்குக் குறையாமல் வெயில் காய்ந்தது.

இத்தகைய ஊரில் முதலில் குடியேறியது கதவன்று, கதவில்லாத கூரை. பிராங்க் லாயிட் ரைட் என்னும் கட்டடக் கலைஞர், குளிர்நாடாகிய விஸ்கான்ஸினின் மாடிஸன் நகரத்தில் ஜேக்கப்ஸ் என்பவருக்கு 1937-இல் கட்டி முடித்த சிக்கனமான வீட்டில், வண்டிக்கு நான்கு சுவரும் கதவும் வேண்டியதில்லை, ஒரு கூரை போதும் என்று ஒரு பக்கத்தைத் திறந்தபடி விட்டுவிட்டார். ‘கார்போர்ட்’ என்ற பெயரையும் வழங்கினார். அவரே அந்த வருஷம் பீனிக்ஸுக்கு அருகில் ஸ்காட்ஸ்டேலில் தம் குளிர்கால இருப்பிடமாகிய டாலியேஸின் வெஸ்டை எழுப்பத் தொடங்கியதும் நினைவுகொள்ளத் தக்கது. பனியோ மழையோ அதிகம் இல்லாத பாலைநிலத்தில், நிழல் மட்டும் தந்து காற்றைத் தடுக்காத கார்போர்ட் இயல்பாகவே பொருந்திற்று. ரால்ப் ஹேவர் என்னும் கட்டடக் கலைஞர் வரைந்த எளிய வீடுகளிலும், ஜான் எப். லாங் மேரிவேல் பகுதியில் ஆயிரக்கணக்கில் கட்டிய வீடுகளிலும் கார்போர்ட்டே வழக்கமாயிற்று. நம் ஊர்ப் பங்களாக்களின் போர்டிகோவை அறிந்தவர்களுக்கு இதன் நியாயத்தை விளக்க வேண்டியதில்லை.

அப்படியிருக்க, மூடிய கராஜும் அதன் பெருங்கதவும் பாலைநிலத்தை எவ்வாறு வென்றன என்பதுதான் கேள்வி. காரணங்கள் பல. குளிர்நாட்டு வீடுகளில் இருப்பது போல நிலவறை அங்கே தோண்டும் வழக்கமில்லையாதலால், பழைய சாமான்களையும், வெந்நீர்க் கொப்பரையையும், துணி துவைக்கும் யந்திரத்தையும் வைக்க வேறிடம் இல்லை. கோடையின் பிற்பகுதியில் வரும் பருவக்காற்றோடு, ஊரையே இருளாக்கும் புழுதிப் புயல் எழுந்து, திறந்து கிடந்த யாவற்றையும் மண்ணால் மூடிற்று. திருட்டுப் பயமும் வளர்ந்தது. 1960-களின் இறுதியில் வண்டிக்குள்ளேயே குளிர்சாதனம் பரவிவிடவே, குளிர்ந்த வீட்டிலிருந்து குளிர்ந்த வண்டிக்கு வெயிலில் கால் வைக்காமல் செல்லலாம் என்னும் ஆசை பிறந்தது. வீட்டோடு ஒட்டிய கராஜ், உள்ளே திறக்கும் சிறு கதவு, பொத்தானை அமுக்கியதும் எழும் பெருங்கதவு ஆகிய மூன்றும் சேர்ந்து அந்த ஆசையை நிறைவேற்றின. பழைய கார்போர்ட்டுகளில் பலவற்றுக்குப் பிற்காலத்தில் சுவர் எழுப்பிக் கதவு மாட்டினார்கள். தலைவாசல் விருந்தாளிக்கும் தபால்காரனுக்கும் மட்டும் என்றாயிற்று. முன்பு மனையின் பின்கோடியில் ஒதுங்கி நின்ற கொட்டகை வீட்டின் முகமாகவே ஆகிவிட்டது.

கலிபோர்னியாவில் கதை சற்று வேறு. அங்கே 1950-களிலும் 60-களிலும் அமைந்த வீடுகளில், பல தொகுதிகளாகப் பிரியாமல் ஒரே பலகையாக, அடிப்பகுதி வெளியே வீசிக் கூரையின் கீழே சாய்ந்து கொள்ளும் கதவு பெருவழக்காயிருந்தது. வாசலில் பனி கிடக்கும் ஊரில் இப்படி வெளியே வீசும் கதவுக்கு வேலையில்லை. பனியில்லாத ஊரிலோ அது மலிவும் எளிமையும் உடையது. வருஷம் முழுவதும் மிதமான அந்தச் சீதோஷ்ணத்தில் கராஜ் தொழிற்கூடமாகவும் ஆயிற்று. பாலோ ஆல்டோ நகரத்து அடிஸன் அவென்யூவில், வில்லியம் ஹியூலெட்டும் டேவிட் பாக்கர்டும் 1938-39-இல் தம் கம்பெனியைத் தொடங்கிய சிறு கொட்டகையைப் பிற்காலத்தில் கலிபோர்னியா அரசாங்கம் சரித்திரச் சின்னமாக அறிவித்தது. இன்றும் யாத்திரிகர் பார்க்கும் அக்கொட்டகைக்கு இருப்பது, ஜான்ஸன் ஒழிக்க எண்ணிய அதே பழைய ஜாதி இரட்டைக் கீல் கதவு என்பது வேடிக்கை.

குளிர்நாட்டுக் கதவு வெயிலில் என்ன பாடுபட்டது என்பதை இனிச் சொல்ல வேண்டும். முதலில் மரம். பாலைநிலத்தின் வறட்சியில் பலகை சுருங்கிப் பிளந்தது; இணைப்புகள் விட்டன; மேற்கு வெயில் படும் முகத்தில் வர்ணம் உரிந்தது. மெக்ஸிகோ வளைகுடாவை ஒட்டிய ஹூஸ்டன் போன்ற ஊர்களில் இதற்கு நேர்மாறாக, ஈரக்காற்றைக் குடித்த பலகை உப்பிக் கனத்து, தன் பாரத்துக்கென்று அளந்து வைத்த ஸ்பிரிங்கையும் மீறிக் கீழே இழுத்தது. 1970-களிலிருந்து துத்தநாகம் பூசிய இரும்புத் தகடு மரத்தின் இடத்தைப் பிடித்தபோது இவ்விரு குறைகளும் நீங்கின; வேறொரு குறை தோன்றிற்று. மெல்லிய தகடு வெளியே ஏறிய உஷ்ணத்தை அப்படியே உள்ளே இறக்கியது. பிற்பகலில் கராஜின் உட்புறம் வெளியுலகைவிட அதிகமாகக் கொதித்தது. அந்த உஷ்ணம் பொதுச்சுவர் வழியாக வீட்டுக்குள் புகுந்து குளிர்சாதனத்தின் செலவை ஏற்றியது. இதற்கு மாற்றாகவே இரண்டு தகடுகளுக்கு நடுவே பாலிஸ்டைரீன் பலகையையோ பாலியூரித்தேன் நுரையையோ அடைத்த கதவுகள் பரவின. கருநிறத்தை விட்டு வெளிர்நிறத்தைத் தேர்ந்தெடுக்கும் பழக்கமும் அனுபவத்தால் வந்தது.

கதவைப் பழுதுபார்க்கும் தொழிலாளியின் வேலையும் ஊருக்கேற்ப மாறிற்று. கோடை முழுவதும் அவன் விடியற்காலையிலேயே வேலையைத் தொடங்குகிறான். கதவின் அடியில் தரையோடு படியும் ரப்பர் பட்டை வெயிலில் இறுகி வெடித்துவிடுகிறது. அந்தப் பிளவின் வழியே புழுதியும், பாலைநிலத்துக்கே உரிய தேளும் உள்ளே நுழைகின்றன. ஆகவே அதை மாற்றுவது அவனுக்கு வழக்கமான வேலை. தண்டவாளத்தில் கிரீஸ் தடவினால் கதவு வழுக்கி ஓடும் என்று எண்ணித் தாராளமாகத் தடவிய வீட்டுக்காரர், ஒரே பருவத்தில் அது புழுதியோடு குழைந்து பசையாகி உருளையைப் பிடித்துக்கொள்வதைக் காண்கிறார். தண்டவாளத்தைத் துணியால் துடைத்தால் போதும்; எண்ணெய் வேண்டியது கீலுக்கும், உருளையின் அச்சுக்கும், ஸ்பிரிங்கின் சுருளுக்குமே; அதுவும் வெயிலில் சீக்கிரம் உலர்ந்துவிடாத சிலிக்கோன் எண்ணெயோ லித்தியம் கிரீஸோ இலேசாகப் போட வேண்டும் என்பது அத்தொழிலாளியின் உபதேசம். மோட்டாரும் உஷ்ணத்துக்கு விலக்கன்று: கொதிக்கும் கராஜில் அடுத்தடுத்துப் பலமுறை கதவை ஏற்றி இறக்கினால், உள்ளே இருக்கும் பாதுகாப்பு விசை மின்சாரத்தைத் துண்டிக்க, மோட்டார் ஆறும்வரை அசையாமல் நின்றுவிடும்.

இந்தக் கதவின் உயிர்நிலை ஸ்பிரிங்கில் இருக்கிறது. நூற்றைம்பது ராத்தலும் அதற்கு மேலும் கனக்கும் கதவைச் சிறு மோட்டார் தூக்குவதாக நாம் எண்ணுவது மயக்கம். வாசலின் மேல் ஓர் இரும்புத் தண்டில் முறுக்கி ஏற்றிய ஸ்பிரிங்கே பாரத்தைச் சுமக்கிறது, மோட்டார் அதைச் சற்றே தள்ளிவிடுகிறது. சாதாரண ஸ்பிரிங் பதினாயிரம் தடவை ஏறி இறங்குவதற்கென்று அமைக்கப்படுவது. நாளைக்கு நான்கு தடவை என்று வைத்துக்கொண்டால் ஏழு வருஷத்துக்குள் அதன் ஆயுள் முடிந்துவிடும். தலைவாசலை மறந்து கராஜ் வழியாகவே புழங்கும் குடும்பத்தில் இன்னும் சீக்கிரம் முடியும். கடற்காற்று வீசும் ஊரில் துரு அதன் ஆயுளைக் குறைக்கிறது. முறுக்கேறிய ஸ்பிரிங்கைத் தளர்த்துவதற்கென்று அளவாகச் செய்த இரும்புக் கம்பிகள் உண்டு. அவை இல்லாமல் திருப்புளியைச் செருகி முயன்று கையையும் முகத்தையும் சிதைத்துக்கொண்டவர்கள் உண்டு. வீட்டுக்காரர் தம் கையால் செய்யத் தகாத வேலை இக்கதவில் ஒன்றே ஒன்றானால், அது இதுதான்.

கதவின் சரித்திரத்தில் துக்ககரமான அத்தியாயம் ஒன்றும் உண்டு. பொத்தானால் இயங்கும் கதவு தன் கீழே நிற்பது குழந்தை என்று அறியாது. 1980-களில் குழந்தைகள் பலர் இறங்கும் கதவின் கீழே சிக்கி உயிரிழந்த பிறகே, 1990-இல் அமெரிக்கக் காங்கிரஸ் இதற்கென்று சட்டம் செய்தது. தடை தட்டுப்பட்டால் கதவு இரண்டு விநாடிக்குள் திரும்பி மேலேற வேண்டும் என்பதோடு, 1993-ஆம் ஆண்டு முதல் செய்யப்படும் திறப்பான்களில், தரையிலிருந்து ஆறங்குல உயரத்துக்குள் இருபுறமும் அமைந்த ஒளிக்கண்களோ, கதவின் விளிம்பில் தொட்டுணரும் கருவியோ இருந்தாக வேண்டும் என்று ஏற்பட்டது. வெயில் இங்கேயும் தன் கைவரிசையைக் காட்டிற்று. மேற்குப் பார்த்த கராஜில் மாலைச் சூரியன் நேரே ஒளிக்கண்ணில் விழும்போது, கண் கூசிய கருவி எதிர்ப்புறத்துக் கதிரைக் காண முடியாமல் கதவை இறங்கவொட்டாது தடுத்துவிடும். கண்கள் இரண்டையும் இடம் மாற்றி வைப்பதோ, ஒளியை வாங்கும் கண்ணுக்குச் சிறு நிழற்குழல் மாட்டுவதோ இதற்குப் பரிகாரம். பொறுமையிழந்து கருவியையே அகற்றுவது, அந்தக் குழந்தைகளின் மரணம் கற்பித்த பாடத்தை மறப்பதாகும்.

பிளாரிடாவில் இந்தப் பெருங்கதவுக்கு வேறொரு சோதனை வந்தது. 1992-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 24-ஆம் தேதி ஆண்ட்ரூ புயல் மயாமிக்குத் தெற்கே கரையேறியபோது, பதினாறடி அகலத் தகட்டுக் கதவுகள் காற்றின் அழுத்தத்தில் வளைந்து உள்ளே சரிந்தன. சரிந்த வாசல் வழியாக உட்புகுந்த காற்று கூரைகளைக் கீழிருந்து நெம்பித் தூக்கியது. வீட்டின் மிகப் பெரிய திறப்பே அதன் மிகப் பெரிய பலவீனம் என்பது அன்று விளங்கிற்று. அதன் பின் அப்பிரதேசத்துக் கட்டட விதிகள் கடுமையாக்கப்பட்டு, குறுக்கே இரும்புச் சட்டங்கள் தாங்கிய, புயல் வேகத்துக்கென்று சோதித்த கதவுகளே மாட்டப்பட வேண்டும் என்று ஆயிற்று. கலிபோர்னியாவிலோ 2017-ஆம் ஆண்டுக் காட்டுத்தீயின்போது மின்சாரம் அற்றுப்போக, மோட்டாரால் மட்டுமே திறந்து பழகிய கதவுகளைத் திறக்க வழியறியாமல் மக்கள் தவித்தார்கள், உயிரிழப்பும் நேர்ந்தது. 2019-ஆம் ஆண்டு ஜூலை முதல் அம்மாநிலத்தில் விற்கப்படும் திறப்பான்களில் பாட்டரி இருந்தாக வேண்டும் என்ற சட்டம் அதன் விளைவு. பாட்டரி இல்லாவிடினும், மோட்டாரின் அருகே தொங்கும் சிவப்புப் பிடியுள்ள கயிற்றை இழுத்தால் கதவு மோட்டாரிலிருந்து விடுபட்டுக் கைக்கு வசப்படும். ஸ்பிரிங் நல்ல நிலையில் இருந்தால் ஒருவரே தூக்கிவிடலாம்.

ஜான்ஸன் நிறுவிய கம்பெனியே இன்று டெக்ஸாஸ் மாநிலத்து லூயிஸ்வில்லைத் தலைமையிடமாகக் கொண்டிருக்கிறது. கதவு போன வழியே அதைப் படைத்தவர்களின் நிறுவனமும் தெற்கே வந்து சேர்ந்தது. அந்தத் தெற்கிலும் தென்மேற்கிலும், டல்லாஸ், ஹூஸ்டன், பீனிக்ஸ் முதலிய நகரங்களில், இன்று தமிழ்க் குடும்பங்கள் ஏராளமாக வாழ்கின்றன. அவர்களுடைய பிள்ளைகளும் இக்கதவின் வழியாகவே பள்ளிக்குப் போகிறார்கள். அவர்களுக்கும், அவர்களைப் பார்க்கப் போய்ச் சில மாதம் தங்கும் பெற்றோர்களுக்கும் சொல்ல வேண்டியது அதிகமில்லை. மாதம் ஒருமுறை, ஒன்றரை அங்குலக் கனமுள்ள மரத்துண்டைக் கதவின் அடியில் தரையில் கிடத்தி, இறங்கும் கதவு அதைத் தொட்டதும் திரும்பி ஏறுகிறதா என்று பாருங்கள். மூடிய கதவைச் சிவப்புக் கயிற்றால் விடுவித்துக் கையால் பாதி உயரம் தூக்கி நிறுத்திப் பாருங்கள். அங்கேயே நின்றால் ஸ்பிரிங் சரியாக இருக்கிறது, சரிந்தால் தொழிலாளியை அழைக்க வேண்டும். கோடை பிறக்குமுன் ரப்பர் பட்டையையும், புழுதிக்காலம் கழிந்தபின் தண்டவாளத்தையும் கவனியுங்கள். ஒரு சீதோஷ்ணத்துக்கென்று பிறந்த யந்திரத்தை வேறொரு சீதோஷ்ணத்துக்குக் கொண்டுபோகிறவர்கள், அதைக் காக்கும் பொறுப்பையும் உடன் ஏற்கவேண்டும்; நூறாண்டுக் கராஜ் கதவின் சரித்திரம் அந்த நியாயத்தையே வற்புறுத்துகிறது.